முதுகில் ஒட்டும் மெமரி: பயானும் நிகாஹும் பதிவு செய்வோர் கவனத்திற்கு



சில காலமாக நம் மஹல்லாக்களில் ஒரு புதிய பொருள் கண்ணில் படுகிறது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கொண்டு வருகிறார்கள். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய தட்டையான பெட்டி. ஐபோனின் முதுகில் வைத்தால் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து ஒரு சாண் நீளம்கூட இல்லாத கேபிள் ஒன்று போனின் சார்ஜர் துளைக்குள் போகிறது. இப்போது எடுக்கும் வீடியோ போனுக்குள் போகாமல் நேராக அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேர்கிறது. நிகாஹ் மஜ்லிஸ், ஹிஃப்ழு ஸனது விழா, ரபீஉல் அவ்வல் தொடர் பயான் எல்லாவற்றிலும் இதைக் காண முடிகிறது.

இதைப் பற்றி நம்மிடம் கேள்விகளும் வருகின்றன. “காந்தம் பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடாதா ஹஜ்ரத்?” என்று ஒருவர் கேட்கிறார். “ஜமாஅத் பணத்தில் மதரஸாவுக்கு ஒன்று வாங்கலாமா?” என்கிறார் இன்னொருவர். வீடியோ எடுப்பது கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை நாம் இங்கே கிளறப் போவதில்லை. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கூடாது என்பவர்களின் பேணுதலை மதிக்கிறோம். ஏற்கெனவே பதிவு செய்துகொண்டிருப்பவர்களுக்காகவே இக்கட்டுரை.

முதலில் காந்தத்தைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தப் பெட்டியில் காந்தத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான்: பிடித்துக்கொள்வது. வீடியோவைக் கடத்துவதும் அதுவல்ல, சேமித்து வைப்பதும் அதுவல்ல. கடத்துவது கேபிள். சேமிப்பது உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சில்லு. போனுக்குள் இருப்பதும் பென்டிரைவில் இருப்பதும் இதே இனம்தான். நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்து நினைவில் கொள்ளும் முறை இது. அதனால் முதுகில் ஒட்டும் காந்தம் அதை அழிப்பதில்லை. 2020-இல் ஐபோன் 12 வந்தது முதல் ஆப்பிள் தன் போன்களின் முதுகில் வட்டமாகக் காந்தங்களைப் பதித்து வருகிறது. சார்ஜர் ஒட்டுவதும் இந்தப் பெட்டி ஒட்டுவதும் அதில்தான்.

உண்மையிலேயே காந்தத்தால் எழுதுவது பழைய ஹார்டு டிஸ்க். உள்ளே ஒரு தட்டு சுழலும், அதன் மேல் ஒரு முள் நகரும், எழுத்துகள் காந்தப் புள்ளிகளாகப் பதியும். அதைப் போனோடு கட்டிப் பதிவு செய்ய நினைப்பது வீண் வேலை. அசைந்தால் பழுதாகும், வேகமும் போதாது. ஆனால் அதற்கும் ஓர் இடம் இருக்கிறது, பிறகு வருவோம்.

அழியாது என்றாலும் காந்தம் முற்றிலும் ஆபத்தற்றது என்று பொருளல்ல. நம் வீட்டுப் பெரியவர்களில் இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். காந்தம் அருகில் வந்தால் அக்கருவியின் இயக்கம் மாறக்கூடும். ஐபோனையும் அதில் ஒட்டும் பொருட்களையும் பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கும்படி ஆப்பிளே சொல்கிறது. வயர்லெஸ் சார்ஜ் ஆகும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல். நிகாஹ் முடிந்ததும் “அப்பா, இதைக் கொஞ்சம் பிடிங்க” என்று கொடுத்தால் அவர் அதை எங்கே வைப்பார்? சட்டைப் பையில்தான். அந்தப் பை இருப்பது நெஞ்சின் மேல். கொடுக்குமுன் யோசிக்க வேண்டும். ஏ.டி.எம். கார்டின் கறுப்புப் பட்டையும் காந்தத்தால் கெடக்கூடியது. பணப்பையோடு இதைச் சேர்த்துப் போட வேண்டாம்.

பலர் கவனிக்காத இன்னொன்று கிப்லா. போனில் கிப்லா காட்டும் செயலி, போனுக்குள் இருக்கும் சிறு காந்த உணரியை நம்பித்தான் திசை சொல்கிறது. முதுகில் காந்தப் பெட்டி ஒட்டியிருக்கும்போது அந்த உணரி தடுமாறும். மண்டபத்தில் பதிவு நடக்கிறது, அஸர் நேரம் வந்துவிட்டது, அதே போனை எடுத்துத் திசை பார்த்து முஸல்லா விரித்தால் முகம் எங்கேயோ இருக்கும். தமிழகத்தில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காகச் சாய்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதற்கு மாறாகச் செயலி தெற்கையோ கிழக்கையோ காட்டினால் உடனே சந்தேகப்பட வேண்டும். பெட்டியைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். பக்கத்துப் பள்ளிவாசல் மிஹ்ராபைத் தெரிந்தவரிடம் கேட்பது அதைவிட மேல்.

இனி, இது யாருக்குத் தேவை? இங்கேதான் நாம் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஐபோனில் சாதாரணமாக எடுக்கும் வீடியோ சுருக்கப்பட்டே சேமிக்கப்படுகிறது. 1080 என்று சொல்லும் ஹெச்.டி. தரத்தில், வினாடிக்கு 30 படம் என்ற கணக்கில், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்.பி. ஆகும். ஒரு மணி நேரப் பயானுக்கு 4 ஜி.பி.கூட இல்லை. 4கே தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி., மணிக்குப் பத்து ஜி.பி. இதற்கெல்லாம் போனில் உள்ள இடமே போதும், காலியாக வைத்திருந்தால்.

ப்ரோரெஸ் என்று ஒரு முறை இருக்கிறது. சினிமாக்காரர்களும் விளம்பரப்படம் எடுப்பவர்களும் பிறகு நிறம் திருத்துவதற்காகப் பயன்படுத்துவது. மிகக் குறைவாகவே சுருக்கும். அதில் ஹெச்.டி.யே நிமிடத்துக்கு 1.7 ஜி.பி., 4கே என்றால் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜி.பி. ஒரு மணி நேரத்துக்கு 360 ஜி.பி.! 1 டி.பி. பெட்டி மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். 2023-இல் வந்த ஐபோன் 15 ப்ரோவில்தான் இந்த ப்ரோரெஸ் வீடியோவை வெளிப்பெட்டியில் நேரடியாகப் பதியும் வசதி வந்தது. அதனால்தான் இந்த ஒட்டுப் பெட்டிகளே சந்தைக்கு வந்து குவிந்தன. ஐபோனுடன் வரும் கேமரா செயலி வெளிப்பெட்டியில் பதிவது ப்ரோரெஸ் வீடியோவை மட்டும்தான். சாதாரண வீடியோவையும் வெளியே பதிய வேண்டுமானால் பிளாக்மேஜிக் கேமரா போன்ற வேறு செயலி வேண்டும். அது இலவசமாகவே கிடைக்கிறது, சில ஆண்ட்ராய்டு போன்களுக்கும் உண்டு.

இந்தக் கணக்கைப் பார்த்தபின் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். மிம்பரில் நின்று பேசும் ஓர் ஆலிமைப் பதிய ப்ரோரெஸ் தேவையே இல்லை. கேட்பவர்கள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் கேட்கப் போகிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த 360 ஜி.பி. எப்படியும் சுருங்கிவிடும். பத்து ஜி.பி.யில் முடியும் வேலைக்கு 360 ஜி.பி. செலவழிப்பது வேறு விஷயத்தில் என்றால் நாமே இஸ்ராஃப் என்று பயான் செய்திருப்போம். கையில் பணம் இருக்கிறது என்றால் முதலில் வாங்க வேண்டியது ஹஜ்ரத்தின் சட்டையில் மாட்டும் நல்ல மைக். படம் மங்கலாக இருந்தாலும் பயான் பயன்படும். மின்விசிறிச் சத்தத்தில் குரல் மூழ்கிய 4கே வீடியோவை யாரும் ஐந்து நிமிடம் கேட்கமாட்டார்கள்.

அப்படியானால் வெளிப்பெட்டியே வேண்டாமா? அப்படியும் சொல்லவில்லை. நாள் முழுக்க நடக்கும் ஸனது விழா, மூன்று நாள் இஜ்திமா, ரமளான் முழுக்கத் தராவீஹுக்குப் பின் நடக்கும் தஃப்ஸீர் வகுப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவோருக்கு இது பெரிய உதவி. போன் நிரம்பி நின்றுவிடும் என்ற பயம் இல்லை. ஒரு நாள் பதிவு முடிந்ததும் பெட்டியைக் கழற்றிக் கணினியில் போட்டால் போதும், போனிலிருந்து மணிக்கணக்கில் நகலெடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

போன் நிரம்பி நிற்பதால் ஏற்படும் இழப்பு சிறியதல்ல. நாற்பது ஆண்டு ஓதிக்கொடுத்த ஓர் உஸ்தாத் தள்ளாத வயதில் கடைசியாக ஒரு தர்ஸ் நடத்துகிறார். மாணவர் போனைத் தாங்கியில் வைத்துவிட்டு அமர்ந்துவிடுகிறார். இருபதாவது நிமிடத்தில் மெமரி நிரம்பிப் பதிவு நின்றிருக்கிறது. எல்லோரும் கிதாபைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் உஸ்தாத் வஃபாத். இப்படி நடந்த ஊர்கள் உண்டு. நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்லும் அரபுத்தமிழ் முனாஜாத்துகளும் பைத்துகளும் அப்படித்தான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஏடுகளாகவும் கிதாபுகளாகவும் இருந்த எத்தனையோ கரையானுக்குப் போய்விட்டன. நாவில் எஞ்சியிருப்பதையாவது பிடித்து வைக்க வேண்டும். பதிவு என்பது வேடிக்கைக்கு மட்டுமல்ல.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் ஏமாறும் இடம் கேபிள். ஐபோன் 15 ப்ரோவின் பெட்டியிலேயே வரும் வெள்ளைக் கேபிள் சார்ஜ் செய்வதற்கானது. தகவல் கடத்தும் வேகம் அதில் வினாடிக்கு 480 மெகாபிட், அதாவது அதிகபட்சம் 60 எம்.பி. 4கே தரத்தில் வினாடிக்கு 60 படம் என்று ப்ரோரெஸ் பதிய, பெட்டி வினாடிக்குக் குறைந்தது 220 எம்.பி. வேகத்தில் எழுத வேண்டும் என்பது ஆப்பிளின் நிபந்தனை. குழாயே சிறியதாக இருந்தால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? வினாடிக்கு 10 ஜிகாபிட் என்று குறிப்பிட்ட கேபிள்தான் வேண்டும். பெட்டியோடு வரும் குட்டைக் கேபிளைத் தொலைத்துவிட்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று தெருமுனைக் கடையில் சார்ஜர் கேபிள் வாங்கி மாட்டுவோர் அதிகம். இன்னொன்று, சாதாரண ஐபோன் 15-இலும் இதே டைப்-சி துளைதான். ஆனால் அந்தத் துளையின் வேகமே 480 மெகாபிட்தான், ப்ரோரெஸும் அதில் இல்லை. வடிவம் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது.

அடுத்து ஃபார்மட். புதுப் பெட்டியை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்வதே நம் வீடுகளுக்குப் பொருத்தம். ஐபோன், விண்டோஸ் கணினி, மேக் மூன்றும் அதைப் படிக்கும். ஆப்பிளின் ஏ.பி.எஃப்.எஸ். முறையும் ஐபோனுக்குச் சரிதான், ஆனால் மதரஸா அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் செருகினால் அது தானாகத் திறக்காது. பழைய ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, அது வேண்டாம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அனைத்தும் போய்விடும் என்பதால் வாங்கிய அன்றே, காலியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

பதிவு நடக்கும்போது இரண்டு எதிரிகள். ஒன்று வெப்பம். 4கே பதியும் போனும் சூடாகும், வேகமாக எழுதும் பெட்டியும் சூடாகும். இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருக்கிறோம். மே மாதத்தில், பந்தலுக்கு அடியில், நண்பகல் நிகாஹ் என்றால் போன் வெப்ப எச்சரிக்கை காட்டி நின்றுவிடக்கூடும். தாங்கியில் நிறுத்திப் பதிவதாக இருந்தால் பெட்டியைப் போனில் ஒட்டாமல், நீளமான கேபிளில் தனியாகத் தாங்கியின் காலில் கட்டிவிடலாம். காந்தம் இருக்கிறதே என்பதற்காக ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை. பெட்டி தன் மின்சாரத்தையும் போனிடமிருந்தே எடுக்கிறது என்பதால் பேட்டரி வேகமாகக் குறையும். துளையில் கேபிள் இருப்பதால் சார்ஜ் போடவும் வழியில்லை. சில பெட்டிகளில் சார்ஜருக்கென்று இரண்டாவது துளை வைத்திருக்கிறார்கள். நீண்ட நிகழ்ச்சி எடுப்பவர்கள் அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

இரண்டாவது எதிரி கேபிள் நழுவுவது. மண்டபத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள், யாரோ ஒருவர் ஸலாம் சொல்லிக் கை கொடுக்க வருவார், கேபிள் இழுபடும். பதிவின் நடுவே இணைப்பு அறுந்தால் அந்தக் கோப்பு முழுவதுமே திறக்காமல் போகலாம். காரணம், வீடியோக் கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகக் கடைசியில், நாம் நிறுத்து பொத்தானை அழுத்திய பிறகே எழுதப்படுகிறது. அட்டவணை இல்லாவிட்டால் உள்ளே ஒரு மணி நேரக் காட்சி இருந்தாலும் கருவிக்கு அதைப் படிக்கத் தெரியாது. அப்படி ஆகிவிட்டால் பதறி அதே பெட்டியில் அடுத்த பதிவைத் தொடங்கக் கூடாது. புதியது எழுத எழுதப் பழையதை மீட்கும் வாய்ப்பு குறையும். பெட்டியை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, மீட்டுத் தருபவரிடம் கொடுக்க வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒரு மணி நேரத்தை ஒரே கோப்பாக எடுக்காமல், ஓர் அத்தியாயம் முடியும்போது, துஆவுக்கு இடைவெளி விடும்போது, நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். நிறுத்திய உடனே கேபிளைப் பிடுங்காமல் சில வினாடி பொறுக்க வேண்டும். போனை விமானப் பயன்முறையில் வைத்தால் நடுவில் அழைப்பு வந்து கெடுக்காது.

எடுத்த வீடியோவை போட்டோஸில் தேடிக் காணாமல் பயந்து போவோரும் உண்டு. அது ஃபைல்ஸ் செயலியில், பெட்டியின் பெயரின் கீழ் இருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் நம் முன்னோர் காட்டிய வழி ஒன்று உண்டு. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது உமர் (ரலி) அவர்கள் கவலைப்பட்டு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் பேசினார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டிருந்ததையும் மனிதர்களின் நெஞ்சங்களில் இருந்ததையும் ஒப்புநோக்கித் திரட்டினார்கள். அந்தப் பிரதி பின்னர் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அதிலிருந்து பிரதிகள் எடுக்கப்பட்டுப் பல நகரங்களுக்கும் அனுப்பப்பட்டன. அல்லாஹ்வின் வேதத்தோடு நம் வீடியோவை ஒப்பிடவில்லை, அல்லாஹ் காப்பானாக. ஆனால் அருமையான ஒன்று ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்ற விழிப்பை அங்கிருந்து கற்கலாம் அல்லவா?

ஒட்டுப் பெட்டி என்பது வழியில் தங்கும் சத்திரம், குடியிருக்கும் வீடு அல்ல. அதன் சில்லில் இருக்கும் மின்னூட்டம், மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்தால் மெல்லக் கசியக்கூடும். முன்பு தள்ளி வைத்த அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு இங்கேதான் வேலை. அதே கொள்ளளவுக்கு விலை குறைவு, அலமாரியில் வைப்பதற்குப் பொருத்தம். ஒன்றை மதரஸாவிலும் அதன் நகலை வேறொரு வீட்டிலும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை, ஷஃபானில் கணக்கு முடிக்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்களேன், செருகித் திறந்து பார்க்கலாம். கோப்புக்குப் பெயரிடும்போது பேசியவர் யார், எந்த ஊர், எந்தக் கிதாப், ஹிஜ்ரித் தேதி என்ன என்று எழுதுங்கள். ஸனது இல்லாத செய்தியை ஏற்காத சமுதாயம் நாம். வெறும் எண்களாகக் கிடக்கும் ஆயிரம் கோப்புகளில் எது யாருடையது என்று பத்து ஆண்டு கழித்து யார் சாட்சி சொல்வது?

ஜமாஅத் பணத்தில் வாங்கினால் அது அமானிதம். சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும், எவர் கையில் இருக்கிறது என்று எழுதப்பட வேண்டும். நிர்வாகி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வருவதாக இருந்தால் நிர்வாகக் குழுவின் அனுமதியும் வாடகையும் பேசப்பட வேண்டும். மதரஸாவின் ஒரே பெட்டியில் யாரோ ஒருவர் வீட்டு வலீமாவை நிரப்பி, இடம் போதவில்லை என்று தஃப்ஸீர் வகுப்பை அழித்தால் அதற்கு யார் பதில் சொல்வது?

குடும்பங்களுக்கு நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. போனுக்குப் பூட்டு உண்டு. முகம் காட்டாமல், எண் அடிக்காமல் திறக்காது. இந்தப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. கீழே கிடந்து எடுத்தவர் தன் போனில் செருகினால் உள்ளே இருப்பதை எல்லாம் பார்க்கலாம். உள்ளே என்ன இருக்கிறது? பெண்கள் பகுதியில் அக்காவோ தங்கையோ எடுத்த மணப்பெண் அலங்காரம், மருதாணி இரவு, ஹிஜாப் இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் உறவுப் பெண்கள். “நம்ம போன்லதானே எடுக்கிறோம்” என்ற நம்பிக்கையில் அவர்கள் நின்றிருப்பார்கள். பதிவது போனில் அல்ல, பெட்டியில் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதே பெட்டி மறுநாள் எடிட் செய்பவரின் கடைக்குப் போகிறது.

ஆகவே ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் ஒரே பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள். பெண்கள் பகுதிப் பதிவை, அவர்கள் சம்மதத்தோடு எடுத்திருந்தாலும், அன்றிரவே வீட்டுக் கணினியில் கடவுச்சொல் போட்ட இடத்துக்கு மாற்றிவிட்டுப் பெட்டியை ஃபார்மட் செய்துவிடுங்கள். வெளியாருக்குக் கொடுக்க வேண்டியதை மட்டும் தனி பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். அழித்துவிட்டோம் என்று பழைய பெட்டியை விற்காதீர்கள். அழித்ததைத் திரும்ப எடுக்கும் மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. குடும்பக் காட்சிகள் இருந்த பெட்டி பழுதானால் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் கறுப்புச் சில்லுகளைச் சுத்தியலால் உடைத்த பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும். வெளி மூடியை மட்டும் உடைத்தால் போதாது.